பத்து மணிக்குள் அணைக்கவும்

1793 மே 31 அன்று, கலிஃபோர்னியாவின் ஸ்பானிய ஆளுநர் ஹொசே ஹொவாகீன் தெ அர்ரியாகா சான்டா பார்பராவிலிருந்து ஓர் உத்தரவு போட்டார். பூர்வகுடிகள் இனிமேல் புல்வெளிகளுக்குத் தீ வைக்கக் கூடாது, வைத்தால் தண்டனை. ஸ்பானியர் அந்த மண்ணில் குடியேறி அப்போது இருபத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. பூர்வகுடிகள் அங்கே எத்தனை ஆயிரம் வருஷமாக இருந்தார்கள் என்று ஆளுநர் விசாரிக்கவில்லை. நேற்று வந்த விருந்தாளி வீட்டுக்காரியை அடுப்பு மூட்டாதே என்று மிரட்டின மாதிரிதான். விருந்தாளியின் கவலையெல்லாம் தன் மாடு, குதிரைகளின் மேய்ச்சல்.

அந்த மக்கள் பொழுதுபோகாமல் தீ வைக்கவில்லை. வடக்கே கிளமாத் ஆற்றங்கரையில் வாழும் கரூக், யூரோக் மக்களுக்கு ஹேசல் புதரை எரித்தால்தான் கூடை பின்ன நேரான, ஒடியாத குச்சி கிடைக்கும். ஓக் மரத்தடியை எரித்தால்தான் கொட்டையைத் துளைக்கும் புழு ஒழியும். எரிந்த இடத்தில் தளிர் வரும், தளிருக்கு மான் வரும், மானுக்கு வேடன் வருவான். எல்லாமே சோற்றுப் பிரச்சினை. உபரியாக இன்னொரு லாபமும் இருந்தது: அடிக்கடி சிறு தீ பார்த்த காட்டில் சருகு சேராது, சருகு சேராத காட்டில் பெருந்தீ ஓடாது. இதை யாரும் ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதி வைக்காததால், வந்தவர்களுக்கு இது அறிவு என்றே தெரியவில்லை.

ஸ்பானியர் போய், மெக்சிகோ போய், அமெரிக்கா வந்தது. 1850இல் கலிஃபோர்னிய சட்டமன்றம் கூடிய முதல் வருஷமே ஒரு சட்டம். பெயர், இந்தியர்களை ஆள்வதற்கும் பாதுகாப்பதற்குமான சட்டம். பாதுகாப்பு என்ற சொல் தலைப்பில் இருந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? அதன்படி பூர்வகுடிகளைப் பிடித்துக் கட்டாய வேலை வாங்கலாம். புல்வெளிக்குத் தீ வைத்தால் தண்டனை என்றும் ஒரு பிரிவு. ஆட்சிகள் மூன்று மாறியும் அடுப்பு பற்றிய கொள்கையில் மட்டும் அசைவே இல்லை.

இந்தக் கதைக்குள் நம் மெட்ராஸும் ஓர் ஓரமாக வந்துபோகிறது. டீட்ரிச் பிராண்டிஸ் என்றொரு ஜெர்மானியர், பர்மாவில் தேக்கு எண்ணிக்கொண்டிருந்தவர், 1864இல் பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வாளர் ஆனார். 1882இன் மெட்ராஸ் வனச் சட்டம் உருவானபோது நம் மாகாணத்துக்கும் வந்து யோசனை சொன்னார். காடு சர்க்காருடையது, அதில் மரம் காசு, காசுக்குப் பக்கத்தில் தீக்கு வேலையில்லை: இதுதான் அந்தக் கால வனவியலின் சாரம். ஓய்வு பெற்று பான் நகரில் இருந்தவரைத் தேடி ஒரு பணக்கார அமெரிக்க இளைஞர் வந்தார். அப்பா சுவர்க்காகித வியாபாரத்தில் சம்பாதித்தவர். பையன் பெயர் கிஃபோர்ட் பின்ஷோ. பிராண்டிஸ் வழிகாட்ட, பிரான்ஸில் நான்சி வனப் பள்ளியில் படித்தார். இன்னும் கொஞ்சம் இருந்து படி என்று குரு சொல்லியும் கேட்காமல் ஊர் திரும்பினார். 1905இல் அமெரிக்க வனத்துறை பிறந்தபோது அவர்தான் முதல் தலைவர்.

அவர் பாதியில் எழுந்து போனதால் தவறவிட்ட பாடம் ஒன்று பர்மாவில் தயாராகிக்கொண்டிருந்தது. அங்கே தீயை மும்முரமாகத் தடுத்த இடங்களில் தேக்குக் கன்று முளைக்கவில்லை. மூங்கிலும் களையும்தான் முளைத்தன. தீத்தடுப்பு அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று ஸ்லேட் என்ற வன அதிகாரி 1896இலேயே ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ இதழில் எழுதிவிட்டார். அமெரிக்கா நம்மிடமிருந்து நோயை வாங்கிக்கொண்டு போனது. மருந்துச் சீட்டு தபாலில் தொலைந்தது.

1908இல் அமெரிக்க நாடாளுமன்றம் வனத்துறைக்கு ஒரு வரம் கொடுத்தது. தீயை அணைக்க எவ்வளவு செலவானாலும் செய்து கொள், பட்ஜெட்டைத் தாண்டினாலும் பின்னால் கொடுத்துவிடுகிறோம். எரிவதற்கு முன்னால் சருகு கூட்ட, ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேச, இந்த வரம் செல்லாது. வெற்றுக் காசோலை கையில் இருக்கும் துறை எந்த வேலையைக் காதலிக்கும் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

பிறகு 1910 வந்தது. ஜனவரியிலேயே குடியரசுத் தலைவர் டாஃப்ட் பின்ஷோவை வேலையை விட்டு நீக்கிவிட்டார். ஆகஸ்ட் 20, 21 தேதிகளில் சூறைக்காற்று, வடக்கு ஐடஹோவிலும் மேற்கு மோன்டானாவிலும் ஆங்காங்கே புகைந்துகொண்டிருந்த தீக்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பிசைந்தது. இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர். செத்தவர்கள் 85க்கு மேல். பெரும்பாலோர் தீயணைக்கக் கூலிக்குப் பிடித்துவரப்பட்டவர்கள். வாலஸ் என்ற சுரங்க ஊருக்குப் பக்கத்தில் எட் புலாஸ்கி என்ற ரேஞ்சர், தன் நாற்பது சொச்சம் ஆட்களை ஒரு பழைய சுரங்கத்துக்குள் ஓட்டிக்கொண்டு போனார். உள்ளே புகை. வெளியே ஓடப் பார்த்தவர்களைத் துப்பாக்கியைக் காட்டி நிறுத்தினார். எல்லோரும் மயங்கி விழுந்தார்கள். விடிந்ததும் கண் விழித்த ஒருவன், வாசலில் கிடந்த புலாஸ்கியைப் பார்த்து, பெரியவர் போய்விட்டார் என்று அறிவித்தான். கெட்ட வார்த்தையோடு மறுப்பு வந்தது, பெரியவரிடமிருந்தே. ஐந்து பேர் உள்ளேயே இறந்திருந்தார்கள். மற்றவர்கள் பிழைத்தார்கள்.

கண்ணும் நுரையீரலும் கெட்டுப்போன அந்த மனிதருக்குச் சர்க்கார் என்ன கொடுத்தது? ஒன்றும் கொடுக்கவில்லை. பல வருஷம் கழித்து ஒரு பத்திரிகைக் கட்டுரைப் போட்டியில் தன் கதையை எழுதி 500 டாலர் பரிசு வாங்கினார். ஒரு பக்கம் கோடாலி, மறுபக்கம் களைக்கொத்து என்று அவர் தட்டிப் பரப்பிய கருவியை இன்றும் அமெரிக்கத் தீயணைப்பாளர்கள் ‘புலாஸ்கி’ என்றே கூப்பிடுகிறார்கள். பெயருக்குக் குறைவில்லை.

வனத்துறை இந்தப் பேரழிவிலிருந்து பாடம் கற்றது. தப்பான பாடம். இன்னும் ஆளும் பணமும் பாதையும் இருந்திருந்தால் அணைத்திருப்போம் என்று சத்தியம் செய்தது. அதே ஆகஸ்ட் மாதத்தில், விதியின் விளையாட்டைப் பாருங்கள், ‘சன்செட்’ பத்திரிகையில் ஜார்ஜ் ஹாக்ஸி என்பவர், பூர்வகுடிகளைப் போல நாமும் சின்னத் தீ வைத்துச் சருகைக் கழிப்போம் என்று எழுதியிருந்தார். அந்தக் கட்டுரை வெளியாக அதைவிட மோசமான முகூர்த்தம் வாய்த்திருக்காது. வனத்துறை அந்த யோசனைக்குப் ‘பையூட் வனவியல்’ என்று பெயர் வைத்தது. பையூட் என்பது ஒரு பூர்வகுடி இனம். ஆகவே அது வசவு. 1920இல் துறைத் தலைவரான வில்லியம் கிரீலியும் எழுதித் திட்டினார். பிற்காலத்தில் சூழலியலின் மகானாகப் போற்றப்பட்ட ஆல்டோ லியோபோல்டும் அதே வருஷம் எழுதித் திட்டினார். மகான் அதன்பின் நாலே வருஷத்தில் அரிசோனாக் காட்டைப் பார்த்து மனம் மாறினார். துறைக்கு மனம் மாற இன்னும் ஐம்பது வருஷத்துக்கு மேல் தேவைப்பட்டது.

வசவோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். 1918இல் கிளமாத் பகுதி ரேஞ்சர் ஒருவர் மேலதிகாரிக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. புதருக்குள் பதுங்கித் தீ வைக்கும் இந்தியர்களையும் அவர்களோடு சேர்ந்த வெள்ளையர்களையும் கண்டால் நரியைச் சுடுவது போலச் சுட்டுவிடுவதே சரியான வழி என்கிறது. கூடைக் குச்சிக்காகத் தீ வைத்தவர்களைப் பற்றி அரசு ஊழியர் ஒருவர் அலுவலகக் காகிதத்தில் எழுதியது இது.

1935இல் கொள்கை உச்சிக்குப் போனது. அப்போதைய தலைவர் ஃபெர்டினாண்ட் சில்காக்ஸ், 1910இல் மோன்டானாவின் மிஸூலாவில் இருந்து அந்தத் தீயைப் பார்த்தவர். அவர் போட்ட உத்தரவு எளிமையானது: எந்தத் தீயும், எங்கே பற்றினாலும், தகவல் வந்த மறுநாள் காலை பத்து மணிக்குள் கட்டுக்குள் வர வேண்டும். வரவில்லையா? அதற்கு மறுநாள் காலை பத்து. அதுவும் முடியவில்லையா? அதற்கடுத்த நாள் காலை பத்து. காட்டுத்தீக்கு ஆபீஸ் நேரம் நிர்ணயித்த ஒரே அரசாங்கம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். மனித வாடை இல்லாத மலையுச்சியில் மின்னல் ஒரு பட்டமரத்தைக் கொளுத்தினாலும் அதே பத்து மணிதான். நடந்து போனால் நேரமாகிறது என்று, 1940இல் விமானத்திலிருந்து பாராசூட் கட்டிக்கொண்டு தீக்குப் பக்கத்தில் ஆட்கள் குதிக்கத் தொடங்கினார்கள். வீரம் என்றால் அப்படி ஒரு வீரம். அதைக் குறை சொன்னால் வாய் வெந்துவிடும். ஆனால் மகாபாரதத்தில் காண்டவ வனத்தை அக்கினி உண்ண முயன்றபோது ஏழு தடவை அணைத்தார்கள். எட்டாவது தடவை அவன் வெற்றிலை போடக்கூட எதையும் மிச்சம் வைக்கவில்லை. இது வியாசருக்குத் தெரிந்திருந்தது. சில்காக்ஸுக்குப் படிக்க நேரமில்லை.

தெற்கு மாநிலங்களில் கதை வேறு மாதிரி. ஜார்ஜியா, ஃப்ளாரிடா, மிஸிஸிப்பி விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் பைன் காட்டுக்குக் குளிர்கால முடிவில் தீ வைப்பவர்கள். அங்கே நீள் ஊசிப் பைன் என்று ஒரு மரம். தீ படாவிட்டால் அதன் கன்று புல்லுக்குள் மூச்சுத் திணறிச் செத்துப்போகும். இவர்களைத் திருத்த அமெரிக்க வனவியல் சங்கம் 1927இல் இளைஞர் படை ஒன்றை அனுப்பியது. லாரி, லாரியில் ஜெனரேட்டர், சினிமா புரொஜக்டர். மின்சாரமே பார்க்காத ஊர்களில் திரை கட்டி, தீ வைப்பது பாவம் என்று படம் காட்டினார்கள். மூன்று வருஷத்தில் 30 லட்சம் பேர் பார்த்தார்கள். இலவச சினிமா யாருக்குக் கசக்கும்? ஊரே திரண்டு வந்து, ரசித்துப் பார்த்து, கைதட்டி, வீட்டுக்குப் போய், பிப்ரவரி வந்ததும் காட்டுக்குத் தீ வைத்தது.

துறை யோசித்தது. இவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை என்றால் இவர்கள் மூளையில்தான் கோளாறு. ஜான் ஷே என்றொரு மனோதத்துவ நிபுணரை அனுப்பினார்கள். அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசி 1940இல் அறிக்கை எழுதினார். விவசாயிகள் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்கள்: பாம்பு போகும், உண்ணி போகும், பருத்திக்காய் வண்டு போகும், மாட்டுக்குப் புதுப் புல் வரும், எங்கள் அப்பன் பாட்டனும் இப்படித்தான். நிபுணர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தார்: பாவம், இவர்களுக்கு வாழ்க்கை சலிப்பாக இருக்கிறது, கிளர்ச்சிக்காகத் தீ வைக்கிறார்கள்.

விவசாயி சொல்லி ஏறாதது, காடை சொல்லி ஏறியது. காடை சுட வடக்கிலிருந்து வரும் கோடீசுவரர்கள் ஜார்ஜியாவின் தாமஸ்வில் பக்கம் பெரிய பெரிய தோட்டங்கள் வைத்திருந்தார்கள். காடை குறைகிறதே என்று பதறி ஹெர்பர்ட் ஸ்டாடர்ட் என்பவரை ஆராயச் சொன்னார்கள். தீயை நிறுத்தியதுதான் காரணம் என்று 1931இல் அவர் புத்தகமே போட்டார். ஏழை சொன்னால் மூடநம்பிக்கை. கோடீசுவரனின் காடை சொன்னால் சூழலியல். 1943இல் ஃப்ளாரிடாவின் ஆஸியோலா தேசிய வனத்தில் வனத்துறையே, யாருக்கும் ரொம்பக் கேட்காத குரலில், தீ வைக்கத் தொடங்கியது. இன்றும் திட்டமிட்டுத் தீ வைப்பதில் அமெரிக்காவுக்கே வாத்தியார் தெற்குதான்.

தீ வைத்துக்கொண்டே தீ வைக்காதே என்று சொல்ல ஒரு முகம் வேண்டியிருந்தது. போர்க்காலம். ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று 1942 பிப்ரவரியில் சான்டா பார்பராவுக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கிடங்கைச் சுட்டுவிட்டுப் போயிருந்தது. அடுத்து நம் காட்டைக் கொளுத்துவான் என்று பயம். (கொளுத்தத்தான் பார்த்தான்: 1944 கடைசியிலிருந்து குண்டு கட்டிய பலூன்கள் ஒன்பதாயிரம் போல அனுப்பினான். மழையும் பனியுமான காலமாகப் பார்த்து அனுப்பியதால் காடு பற்றவில்லை. ஆரெகனில் பிக்னிக் போன ஒரு கர்ப்பிணியும் ஐந்து பிள்ளைகளும்தான் செத்தார்கள்.) விளம்பரத்துக்கு முதலில் டிஸ்னியின் ‘பாம்பி’ மான்குட்டியைப் பிடித்தார்கள். ஒரு வருஷ கால்ஷீட்தான் கிடைத்தது. பிறகு, சம்பளம் கேட்காத நட்சத்திரம் ஒன்றைச் சொந்தமாகவே உருவாக்கினார்கள். 1944 ஆகஸ்ட் 9 அன்று ஸ்மோக்கி கரடி பிறந்தார். தலையில் ரேஞ்சர் தொப்பி, கையில் வாளி, பின்னாளில் காட்டுத்தீயைத் தடுக்க உன் ஒருவனால்தான் முடியும் என்று பார்ப்பவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் ஒரு பார்வை.

1950இல் நியூ மெக்சிகோவின் கேப்பிட்டன் மலைத் தீயில் கால் வெந்த நிலையில் ஒரு நிஜக் கரடிக்குட்டி கிடைத்தது. பெயரை மாற்றி, வாஷிங்டன் மிருகக்காட்சி சாலையில் ஸ்மோக்கியாகப் பதவியேற்க வைத்தார்கள். 1952இல் அவர் பெயரையும் படத்தையும் அனுமதியில்லாமல் பயன்படுத்தக் கூடாதென்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 1962இல் கோல்டி என்ற பெண் கரடியைக் கொண்டுவந்து ஜோடி சேர்த்தார்கள், குட்டி பிறக்கவில்லை. 1964இல் கடிதங்கள் மலைபோல் குவிய, அவருக்கென்றே தனி அஞ்சல் குறியீட்டு எண் 20252. 1975இல் முறைப்படி பணி ஓய்வு. மறு வருஷம் காலமானார், உடல் சொந்த ஊருக்குப் போய் அடக்கமானது. புலாஸ்கியை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கரடியாகப் பிறந்திருக்க வேண்டிய மனிதர்.

ஸ்மோக்கி சொன்னதில் பொய்யில்லை. சிகரெட்டையும் கூடார அடுப்பையும் அணைத்துவிட்டுப் போ என்பது நல்ல புத்திதான். சொல்லாமல் விட்டதில்தான் வில்லங்கம். எல்லாத் தீயும் கெட்ட தீ என்று இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் படித்து வளர்ந்து, ஓட்டுப் போட்டு, காட்டோரமாக வீடும் வாங்கிவிட்டார்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஹாரல்ட் பிஸ்வெல், ஜார்ஜியாவில் தீயின் அருமை தெரிந்துகொண்டு 1947இல் கலிஃபோர்னியா வந்து, சின்னத் தீ வையுங்கள் என்றார். ‘தீவட்டி ஹாரி’ என்று பட்டம் கட்டினார்கள். இதற்கிடையில் உலகின் பெரிய மரமான ஜயன்ட் செகோயாவின் அடியில் ஒரு கன்றுகூட இல்லை என்பது தெரியவந்தது. அதன் காய் பெரும்பாலும் தீயின் சூட்டில்தான் வாய் திறக்கும், விதை சாம்பல் மண்ணில்தான் வேர் பிடிக்கும். கண்ணை இமை காப்பது போலத் தீயிடமிருந்து காத்துக் காத்து அதன் வம்சத்தையே நிறுத்தியிருந்தார்கள். 1963இல் வந்த அறிக்கை ஒன்று இதைப் போட்டு உடைத்தது. எழுதிய குழுவின் தலைவர் ஸ்டார்க்கர் லியோபோல்ட், அந்த மகானின் மகன். தேசியப் பூங்காத் துறை 1968இல் வழிக்கு வந்தது. வனத்துறை 1978இல் பத்து மணிக் கொள்கையைக் கைவிட்டது.

கைவிட்டதோடு ஞானம் வந்ததா என்றால், 1988இல் யெல்லோஸ்டோன் பூங்காவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீ ஓடியது. கோடை முழுக்க ஆயிரக்கணக்கான ஆட்கள், 12 கோடி டாலர். கடைசியில் செப்டம்பர் 11 அன்று பெய்த கொஞ்சம் மழையும் பனியும் இலவசமாக அதை அடக்கின. 2000 மே மாதம் நியூ மெக்சிகோவில் பூங்காக்காரர்கள் நல்ல தீ ஒன்று வைத்தார்கள். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய், அணுகுண்டு பிறந்த லாஸ் அலமோஸ் ஊரில் இருநூற்றுக்கு மேற்பட்ட வீடுகளைச் சாம்பலாக்கியது. அதே மாநிலத்தில் 2022இல் வனத்துறையின் முறை. ஏப்ரலில் வைத்த தீ கைமீறியது. போதாக்குறைக்கு ஜனவரியில் எரித்து முடித்ததாக நினைத்த சருகுக் குவியல் ஒன்று பனிக்கடியில் மூன்று மாதம் உயிரோடு கிடந்து, எழுந்து வந்து, முன்னதோடு கைகோத்துக்கொண்டது. 3,41,000 ஏக்கர். மாநிலச் சரித்திரத்திலேயே பெரிய தீ, தீத்தடுப்புப் பணியில் விளைந்தது. இதற்கப்புறம் தீ வைக்கிறோம் வாருங்கள் என்று எந்த முகத்தோடு ஊர்க்கூட்டம் போடுவது? போட்டுத்தான் ஆக வேண்டும். வைக்கும் தீக்களில் மிகப் பெரும்பாலானவை சொன்ன இடத்தில் சொன்னபடி அணைகின்றன. ஒழுங்காக அணைந்த தீக்கு யார் செய்தி போடுகிறார்கள்?

லாஸ் அலமோஸ் சாம்பலில் ஒரு மனிதர் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஜாக் கோஹன், வனத்துறையின் மிஸூலா ஆய்வகத்து விஞ்ஞானி. வீடு தரைமட்டம், பக்கத்தில் நின்ற பைன் மரம் பச்சை. நூறடி உயரத் தீச்சுவர் வந்து ஊரை விழுங்கியது என்றால் மரம் எப்படிப் பிழைத்தது? கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் நிஜக் காட்டையே கொளுத்தி அவரும் சகாக்களும் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். எரியும் காட்டின் விளிம்பிலிருந்து 10, 20, 30 மீட்டரில் மரச்சுவர்கள். பத்து மீட்டரில் இருந்தவை சில தடவை பற்றின, சில தடவை அதுகூட இல்லை. இருபதும் முப்பதும் பற்றவேயில்லை. அப்படியென்றால் வீட்டைக் கொல்வது காட்டின் தீச்சுவாலை இல்லை. காற்றில் பறந்து வரும் கங்கு. கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடும் தகரத்தில் சேர்ந்த சருகு, மரத் திண்ணைக்கடியில் கிடக்கும் அட்டைப்பெட்டி, சுவரோடு சாய்த்த விறகு, பரணுக்குள் காற்று போக விட்ட ஓட்டை: கங்குக்கு இது போதும். ஒரு வீடு பற்றினால் அதுவே பக்கத்து வீட்டுக்குக் கொள்ளி.

ஆக, இத்தனை வருஷமாகக் காட்டுக்குள் விமானத்திலிருந்து குதித்தவர்கள், வீட்டுக்கூரையில் ஏணி போட்டு ஏறியிருந்தால் அதிகம் சாதித்திருக்கலாம். இதை ஒரு வனத்துறையிடம் போய்ச் சொல்வது எளிதா? காடு அவர்கள் அதிகாரம். கூரை வீட்டுக்காரன் அதிகாரம். வீட்டுக்காரனோ காட்டைப் பார்த்துக்கொள்ளத்தானே உனக்குச் சம்பளம் என்பான். இருவரும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டிருக்க, செலவுக் கணக்கு ஏறியது. 1995இல் வனத்துறைப் பட்ஜெட்டில் தீயின் பங்கு 16 சதவீதம். 2015இல் பாதியைத் தாண்டிவிட்டது.

வேலியைத் தாண்டிப் பேசியவர்களும் உண்டு. ஆரெகனில் ஆஷ்லண்ட் என்ற ஊருக்குக் குடிதண்ணீரே மேலே உள்ள தேசிய வனத்திலிருந்துதான். மரத்தைக் கழிக்கிறோம் என்று வனத்துறை ஒரு திட்டம் கொண்டுவந்தது. மரம் வெட்டி விற்க இது சாக்கு என்று ஊர் சண்டைக்கு நின்றது. 2003இல் வந்த சட்டம், ஊர்களே சொந்தமாகத் தீப்பாதுகாப்புத் திட்டம் எழுதலாம், அதை வனத்துறை காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்றது. ஆஷ்லண்ட்காரர்கள் உட்கார்ந்து மாற்றுத் திட்டத்தையே எழுதிவிட்டார்கள். 2010இலிருந்து வனத்துறை, நகராட்சி, இரண்டு தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து சிறு மரங்களைக் கழித்து, குவித்து, பருவம் பார்த்து எரித்தன. ஊரார் தண்ணீர் பில்லோடு இதற்கென்று ஒரு தொகை கட்டுகிறார்கள். புகை வரும் நாளை முன்கூட்டிச் சொல்வது, ஆஸ்துமாக்காரர்களை நினைவில் வைப்பது என்று சின்னச் சின்ன மரியாதைகளில்தான் பெரிய காரியம் நடந்தது.

2020 செப்டம்பர் 8இல் தீ வந்தது. மேலே பார்த்துப் பார்த்துத் தயாரான காட்டிலிருந்து அல்ல. ஊரின் வடகோடியில் ஓடையோரப் புல்லிலும் முட்புதரிலும் பற்றி, நெடுஞ்சாலையை ஒட்டியே ஓடி, அண்டை ஊர்களான டேலண்ட்டிலும் ஃபீனிக்ஸிலும் 2,500க்கு மேற்பட்ட வீடுகளைக் கொண்டுபோனது. நடமாடும் வீடுகளில் குடியிருந்த பண்ணைத் தொழிலாளர்களும் முதியவர்களும்தான் அதிகம் இழந்தார்கள். அந்த ஓடையோரம் ஒரே துறையின் கையில் இல்லை. பலருக்குச் சொந்தமான இடத்தின் புதர் யாருக்கும் சொந்தமில்லாத புதர்.

கலிஃபோர்னியாவில் எரிந்துபோன பாரடைஸ் ஊரைப் பற்றி நக்கலாக எழுத எனக்கு மனமில்லை. 2018 நவம்பர் 8 அன்று வந்த தீயில் போனவை 85 உயிர்கள், பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்கள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். 2008இல் கலிஃபோர்னியாவின் புதிய கட்டட விதி வந்த பிறகு கட்டிய வீடுகளில் பாதியளவு சேதமில்லாமல் நின்றன. பழையவற்றில் ஐந்தில் ஒன்றுகூட நிற்கவில்லை. விதியில் மந்திரம் ஒன்றுமில்லை: பற்றாத கூரை, கங்கு நுழையாத சல்லடை. இப்போது அங்கே உள்ளூர்ப் பூங்காத் துறை, ஊரைச் சுற்றி விற்க முன்வருபவர்களிடம் நிலம் வாங்கி, தீக்கும் வீட்டுக்கும் நடுவே இடைவெளி உண்டாக்கப் பார்க்கிறது. விளையாட்டு மைதானம் பார்த்துக்கொள்ள நியமித்த துறை அது.

கிளமாத் கரையில் யூரோக் ஊர்களில், எங்களுக்கு முதலில் என்ன வேண்டும் என்று மக்கள் கூடிப் பேசியபோது, தீ என்றுதான் முடிவானது. பேரக்குழந்தையைப் படுக்கவைக்கும் கூடை பின்ன நல்ல ஹேசல் குச்சி கிடைக்கவில்லை. பாட்டிகளின் கோரிக்கை அது. 2013இல் அரசுத் தீயணைப்புத் துறை துணைக்கு நிற்க, சில ஏக்கரில் எரித்தார்கள். பிறகு வெளியூர்களிலிருந்து தீயணைப்பாளர்களே வந்து, தீ வைப்பது எப்படி என்று இவர்களிடம் பயிற்சி எடுத்துக்கொண்டு போகிறார்கள். 2021இல் கலிஃபோர்னியா சட்டமன்றம், முறையாகப் பயிற்சி பெற்றவர்களும் பூர்வகுடிப் பண்பாட்டுத் தீக்காரர்களும் வைக்கும் தீ தப்பித்தாலும், படுமோசமான அலட்சியம் இல்லாதவரை அணைத்த செலவை அவர்கள் தலையில் கட்டக் கூடாது என்று சட்டம் செய்தது. 1850இலும் 2021இலும் அதே சட்டமன்றம். மன்னிப்புக் கடிதத்தைக் காப்புறுதி மொழியில் எழுதியிருக்கிறார்கள்.

அதற்கு முந்தைய வருஷம் இன்னொரு சட்டமும் செய்திருந்தார்கள். தீ அபாயம் மிகுந்த இடங்களில் வீட்டுச் சுவரிலிருந்து ஐந்தடிக்குள் பற்றக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது. கோஹன் சாம்பலில் குனிந்து பார்த்ததன் சாரம் அந்த ஐந்தடி. விரிவான விதிகளை 2023 ஜனவரி 1க்குள் எழுதி முடிக்கும்படி வனத்துறை வாரியத்துக்குக் கெடு. கெடு போனது. ஜன்னலோர ரோஜாச் செடி பற்றக்கூடியதா, தண்ணீர் விட்ட வேலிச்செடி பற்றுமா, மரவேலி வீட்டைத் தொடும் இடத்தில் என்ன செய்வது என்று கூட்டம் மேல் கூட்டம். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் பாலிசேட்ஸும் ஆல்டடீனாவும் எரிந்தன. பிப்ரவரியில் ஆளுநர், வருஷக் கடைசிக்குள் விதியை முடியுங்கள் என்று ஆணையிட்டார். வாரியம் மறுபடி கூட்டம் போட்டது. ஊர்க்காரர்கள் வரிசையில் நின்று, ஆளுக்குச் சில நிமிஷம், தங்கள் வேலிச்செடிகளுக்காக மைக்கில் வாதாடினார்கள்.